இமாமைப் பின்பற்றித் தொழும்போது

இகாமத் (தொழுகை தொடங்கப்போகிறது என்ற அறிவிப்பு) காதில் விழுந்தாலும் ஓடாதீர்கள்; நிதானமாக நடந்து வந்து ஸஃப்பில், அதாவது தொழுகை வரிசையில், சேருங்கள். தொழுகையை முன்னின்று நடத்தும் இமாமோடு ஒரே ஓர் ஆண்தான் என்றால் இமாமின் வலப்பக்கம் நிற்க வேண்டும்.

தவறு பெரும்பாலும் வேகத்தில்தான் நடக்கிறது. இமாம் ‘அல்லாஹு அக்பர்’ என்று வாயெடுத்ததுமே குனிந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர் ருகூவுக்கு (குனியும் நிலைக்கு)ப் போன பிறகு குனியுங்கள். அவர் நெற்றி தரையில் பட்ட பிறகு ஸஜ்தாவுக்கு (நெற்றியைத் தரையில் வைக்கும் நிலைக்கு) இறங்குங்கள். முதல் தக்பீரை (தொழுகையைத் தொடங்கும் ‘அல்லாஹு அக்பர்’) அவருக்கு முன்பே கட்டிவிட்டால் ஜமாஅத்தில், அதாவது கூட்டுத் தொழுகையில், சேர்ந்ததாகவே ஆகாது.

தாமதமாக வந்தவர் நின்ற நிலையில் தக்பீர் கட்டிவிட்டு, இமாம் எந்த நிலையில் இருக்கிறாரோ அதில் சேர வேண்டும். அவசரத்தில் குனிந்துகொண்டே தக்பீர் சொன்னால் செல்லாது. ருகூவில் சேர்ந்தால் அந்த ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) கணக்கில் வரும், ஸஜ்தாவில் சேர்ந்தால் வராது. விட்டதை, இமாம் இரு பக்கமும் ஸலாம் கொடுத்த பின் எழுந்து தொழுங்கள்.

இமாம் தவறினால் சும்மா இருக்கக் கூடாது. ஆண்கள் ‘ஸுப்ஹானல்லாஹ்’ சொல்ல வேண்டும், பெண்கள் கை தட்ட வேண்டும். ஓதுவதில் திணறி நின்றுவிட்டால் பின்னால் இருக்கும் ஹாஃபிழ் (குர்ஆனை மனனம் செய்தவர்) வசனத்தை எடுத்துக் கொடுக்கலாம். இமாம் மூச்சு வாங்கும்போதெல்லாம் குறுக்கிடுவது அதிகப்பிரசங்கித்தனம். நடு இருப்பை (இரண்டாவது ரக்அத்துக்குப் பின் உட்காருவதை) இமாம் மறந்து முழுதாக எழுந்துவிட்டாரா? நீங்களும் எழுங்கள், கடைசியில் மறதிக்கான ஸஜ்தா செய்வார். ஆனால் நான்கு ரக்அத் தொழுகையில் ஐந்தாவது ரக்அத்துக்கு எழுந்தால், அது ஐந்தாவது என்று உறுதியாகத் தெரிந்தவர் அவரோடு சேர்ந்து எழாமல் உட்கார்ந்தே காத்திருக்க வேண்டும்.