உப்புக்காற்றுக்குத் தாங்கும் பட்டறை அலமாரி

கடலூரில் தேவனாம்பட்டினம் மாதிரி கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் டூல்ஸ் வைக்க அலமாரி செய்வதாக இருந்தால் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) பக்கமே போகாதீர்கள், நான் செய்த முதல் அலமாரி தை பிறப்பதற்குள் அடியில் ஊறி அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. ஐஎஸ் 710 முத்திரை, அதாவது ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தர முத்திரை உள்ள 18 மி.மீ. பிளைவுட் வாங்குங்கள். விலை கூடத்தான், சரி, ஒரு தடவைதானே.

பலரும் கோட்டைவிடுவது பின்பலகையில். பின்னால் திறந்தே விட்டால் டிரில், சுத்தியல், வைஸ் எல்லாம் ஏற்றியதும் பெட்டி ஒரு பக்கமாகச் சாயும். 6 மி.மீ. பலகைக்குப் பசை தடவி நாலு பக்கமும் ஸ்க்ரூ போட்டால் அசையாது. ஆனால் அதற்கு முன் மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்துப் பாருங்கள், இரண்டு அளவும் ஒன்றாக வரவேண்டும், வராவிட்டால் நீளமாகக் காட்டும் மூலையை உள்பக்கமாகத் தட்டிக் கொண்டுவாருங்கள். பிளைவுட் விளிம்பில் 4 மி.மீ. ஸ்க்ரூ இறக்க முதலில் 3 மி.மீ. ஓட்டை, இல்லையென்றால் அடுக்கு பிளந்துவிடும். ஸ்க்ரூ எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மட்டும்தான்.

அப்புறம் அடியில் நாலு அங்குலக் கால். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இன்னும் உயர்த்திக்கொள்ளலாம். வெட்டிய விளிம்பு எல்லாவற்றுக்கும், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்கும் சேர்த்து, வார்னிஷ் இரண்டு கோட்.