புத்தகத் திருவிழா அரங்கில் தன்னார்வலராக நிற்பது எப்படி? (முதல் தடவை போகிறவர்களுக்கு)

எங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் மேற்படிப்பு ஆலோசனையும் தரும் ஒரு தொண்டு அமைப்பின் அரங்கில் இரண்டு வருடம் நின்றிருக்கிறேன். முதல் வருடம் 143 பேர் ஆர்வமாகப் பெயர் கொடுத்தார்கள். திங்கட்கிழமை உட்கார்ந்து போன் போட்டால், பாதிப் பேரைப் பிடிக்கவே முடியவில்லை. அடுத்த வருடம் மாற்றிச் செய்ததை எழுதுகிறேன்.

1. அரங்கு

முந்தைய நாளே போய் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பேனரை செலோ டேப்பில் ஒட்டாதீர்கள், சாயங்காலத்துக்குள் தொங்கிவிடும். கட்டுக்கம்பியும் ஒரு கட்டிங் பிளேயரும் போதும்.

2. நேரம்

காலையில் பள்ளிப் பேருந்துகள் வரும். சீருடைப் பிள்ளைகள் கையில் ஐம்பது ரூபாயைச் சுருட்டிக்கொண்டு வரிசையாகப் போவார்கள். டீச்சர் அவசரப்படுத்துவார், உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். பெற்றோர் வருவது ஐந்து மணிக்கு மேல். மேடையில் பட்டிமன்றம் ஆரம்பித்தால் அரங்குப் பக்கம் ஈ, காக்கா இருக்காது. டீ குடிக்க அதுதான் நேரம்.

3. பேச்சு

"எங்கள் அமைப்பு..." என்று ஆரம்பித்தால் நோட்டீஸை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். "தம்பி, எத்தனாவது படிக்கிற?" என்று கேளுங்கள். பதில் அம்மாவிடமிருந்து வரும், கூடவே ஒரு கவலையும் வரும். அதிலிருந்து பேசுங்கள்.

4. பதிவு நோட்டு

நான் கோட்டை விட்டது இங்கேதான். முதல் வருடம் அவர்களே எழுதிய போன் எண்களில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி, சில எண்களில் ஒன்பதே இலக்கம். சரியாகப் போன ஒன்றிலும் ஓர் அப்பா எடுத்து, "என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று சத்தம் போட்டார். மகள் பள்ளியோடு வந்தபோது எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவர் கோபத்தில் தப்பே இல்லை.

இப்போது லாங் சைஸ் நோட்டில் ஸ்கேல் வைத்து ஆளுக்குப் பத்துக் கட்டம் போடுகிறேன். எழுதுவது நான், சொல்வது அவர்கள். எழுதியதும் அங்கேயே ஒரு மிஸ்டு கால். அவர்கள் சட்டைப்பையில் மணி அடித்ததும், "இந்த நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க அண்ணா" என்று சொல்லிவிட்டால் அப்புறம் நாம் அழைக்கும்போது எடுப்பார்கள்.

தனியாக வரும் மாணவர்களிடம் எண் வாங்குவதில்லை. நம் எண்ணுள்ள சீட்டைக் கொடுத்து, "வீட்ல காட்டு, அவங்க கூப்பிடட்டும்" என்பதோடு சரி. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது.

கூகுள் ஃபார்ம் வைக்கலாமே என்பார்கள். ஒரு கையில் புத்தகப் பை, இன்னொரு கையில் குழந்தையோடு நிற்பவர் எப்படித் தட்டச்சு செய்வார்? எனக்கு நோட்டுதான்.

5. நன்கொடை

ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) கிடைக்காது. பெரிய தொகை தருகிறவரிடம் முதலிலேயே சொல்லி, க்யூஆர் அட்டையை நீட்டுங்கள். ரசீது போட்ட பிறகு சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

பின்சேர்க்கை: தகரக் கூரைக்குள் சிக்னலே இல்லை, மிஸ்டு கால் போகவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் எங்களுக்கும் அப்படி ஆனது. அப்போது எண்ணைத் திருப்பி வாசித்துக் காட்டுங்கள், "ஒன்பது, எட்டு, நாலு" என்று ஒவ்வோர் இலக்கமாக. மிஸ்டு காலை வெளியே டீக்கடையிலிருந்து அன்றிரவே கொடுங்கள்.

இன்னொன்று: ஓர் ஆசிரியை சுட்டிக்காட்டியது. பிள்ளைகள் முகம் தெரியும் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். நானும் போட்டிருந்தேன், எடுத்துவிட்டேன். இப்போது மேசையையும் நோட்டீஸ் வாங்கும் கைகளையும் மட்டும்தான் எடுக்கிறேன்.