எல்லையோடு ஒட்டிய தூண்: நெருக்கமான காணியில் விடும் பிழைகள்

உறுதியையும் நில அளவைப் படத்தையும் ஒப்பிடாதது, அனுமதி வருமுன் அத்திவாரம் வெட்டுவது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை, விடுவோம். திருகோணமலை நகருக்குள் 5, 6 பேர்ச் காணிக்குக் கட்டடப் படம் வரையத் தொடங்குகிறவர்கள், நாங்கள் அந்த வயதில் விட்ட அதே பிழைகளைத்தான் விடுகிறார்கள்.

எல்லைத் தூணின் பூட்டிங் (தூணின் அடியில் போடும் கொங்கிறீற் தளம்)

மத்திய வீதியில் 20 அடி முகப்போடு மூன்று மாடிக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலமும் வீணாகக்கூடாது என்பார் காணிக்காரர். தூணை மதிலோடு ஒட்டிவிட்டு, நடுத்தூணுக்குரிய அதே 2 மீற்றர் சதுர பூட்டிங்கை அதற்கும் போடுகிறார்கள். அதில் கிட்டத்தட்டப் பாதி பக்கத்துக் காணிக்குள் விழும். வெட்டும்போது மேசன் அதை உள்ளே தள்ளிவிடுவார். தூண் பூட்டிங்கின் விளிம்பில் நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். தூண் 225 மி.மீ., சுமை 400 கிலோநியூட்டன், மண் தாங்குவது சதுர மீற்றருக்கு 100 கிலோநியூட்டன். நடுவில் நின்றால் 2×2 சரி. விளிம்பில் நின்றால் சுமை நடுவிலிருந்து 0.89 மீற்றர் விலகுகிறது. பூட்டிங் அகலத்தின் ஆறிலொன்றான 0.33ஐத் தாண்டினாலே அதன் உட்பக்கம் மண்ணைவிட்டு எழும்பும். விளிம்பில் அழுத்தம் கிட்டத்தட்ட 12 மடங்கு. பிறகு அயல்வீட்டு ஜன்னல் மூலையில் சாய்வாக ஒரு வெடிப்பு, பொலிஸ் முறைப்பாடு. படம் முடிந்தபின் பொறியியலாளரைத் தேடுவதால் வரும் வினை இது.

எல்லைப் பூட்டிங்கை, 4 மீற்றர் உள்ளே நிற்கும் தூணின் பூட்டிங்கோடு பீமால் இணையுங்கள். எல்லைப் பூட்டிங்கின் சுமை அப்போது ஏறக்குறைய 515 கிலோநியூட்டன் ஆகும். அகலம் அதே 2 மீற்றர் என்றால், எல்லையோரமாக அதன் நீளம் 2.6 மீற்றர் வேண்டும். பீமின் அடி மண்ணில் தங்கக்கூடாது. உள்தூணில் சுமை குறைகிறதே என்று அதன் பூட்டிங்கைச் சிறிதாக்கவும் வேண்டாம். இல்லையேல் தூணை 1 மீற்றர் உள்ளே எடுத்து, மேல்மாடியை வெளியே நீட்டுங்கள்.

அயல் அத்திவாரத்தைவிட ஆழமாக வெட்டினால் ஒரேயடியாக வெட்டாதீர்கள்: 1 மீற்றர் துண்டுகளாக, இடைவிட்டு, கொங்கிறீற் போட்டபின் அடுத்தது. கடற்கரை மணலில், குழித் தண்ணீரை இறைக்கும் பம்ப் தண்ணீரோடு மணலையும் இழுக்கும். ஒக்டோபர் மழைக்குமுன் நிலத்துக்கு மேலே வந்துவிடுங்கள்.

கூரைத் தண்ணீர்

100 சதுர மீற்றர் கூரை, 50 மி.மீ. மழை: 5,000 லீற்றர். பீலி எங்கே இறங்குமென்று முகப்பு வரையுமுன் முடிவெடுங்கள்.

மேற்கில் கண்ணாடிச் சுவர்

வேண்டாம். கச்சான் (மேற்கிலிருந்து வீசும் சூடான காற்று) காலத்தில் உள்ளே இருந்து பாருங்கள்.

லொறி

ஒழுங்கைக்குள் திரும்பாது. அகலத்தை அளங்கள்.

மலசலகூடக் குழி

உங்கள் கிணற்றை மட்டுமல்ல, சுற்றியுள்ள வீடுகளின் கிணறுகளையும் படத்தில் குறியுங்கள்.