ஊட்டி லோடுக்குப் போகும்போது லாரியில் டீயும் சோறும்: கேபினில் கெட்டில், கீழே குக்கர்

ஊட்டிப் பக்கம் முத்தோரை பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின் பக்கத்தில் லாரியைப் போட்டால், மூட்டை ஏறி முடிய ராத்திரி ஒன்பதும் ஆகும், பன்னிரண்டும் ஆகும். டீக்கடைகள் அதற்குள் சாத்தியிருக்கும். மழைக்காலத்தில் பர்லியாறு பக்கம் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ நடுவழியில் நாலைந்து மணி நேரம் நிற்க வேண்டியதுதான். பசித்த வயிற்றோடு குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அப்புறம் சென்னை வரை ஓட்டுவது ஆபத்து. அதனால்தான் வண்டியிலேயே சமைக்க ஆரம்பித்தேன். மலை லோடுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் கெட்டில்

லாரி பேட்டரி 24 வோல்ட். கார், டாடா ஏஸ், பிக்கப் எல்லாம் 12. கெட்டிலின் அடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் செருகாதீர்கள். மச்சான் காரில் இருந்த 12 வோல்ட் கெட்டிலை வாங்கிவந்து நான் செருகிவிட்டேன். வோல்ட் இரண்டு மடங்கானால் கரண்டும் இரண்டு மடங்கு, சூடு நாலு மடங்கு. ஃபியூஸ் போனதால் கெட்டிலோடு போயிற்று, வண்டி தப்பியது.

அடுத்தது சாக்கெட்டின் ஃபியூஸ். 10 ஆம்பியர் என்றால் 200 வாட் கெட்டிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 250 வாட் வேண்டுமென்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, பேட்டரியிலிருந்து தனி ஒயரும் பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸும் போடச் சொல்லுங்கள். பழைய ஒயரை வைத்துக்கொண்டு ஃபியூஸை மட்டும் பெரிதாக்கினால் ஃபியூஸ் நிற்கும், ஒயர் எரியும்.

அரை லிட்டர் கொதிக்க 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வைத்த பிறகுதான் ஸ்விட்ச். ஓடும் வண்டியில் கூடவே கூடாது. ஒரு வளைவில் சரிந்தால் கொதிநீர் கிளீனரின் மடியில்தான் விழும்.

கெட்டிலில் தண்ணீர் மட்டும் வையுங்கள். பால் ஊற்றினால் அடியில் பிடித்து, அந்தக் கருகல் வாசம் ஒரு மாதத்துக்குப் போகாது. என் கையில் எப்போதும் இருப்பது குன்னூர் டஸ்ட் டீ. மலையில் தண்ணீர் அவ்வளவு சூடாவதில்லை, பெரிய இலை சாறு இறங்க நேரம் எடுக்கும். டஸ்ட் சீக்கிரம் இறங்கிவிடும். எவர்சில்வர் டம்ளரில் தூளைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, தட்டால் மூடி ஐந்து நிமிடம். பால் பவுடர் கலந்தால் டீ, இல்லையென்றால் நாட்டுச்சர்க்கரை போட்ட வரட்டீ. கூட ஒரு வர்க்கி இருந்தால் அரை மணி நேரப் பசி அடங்கும்.

சோறு வேகாத கதை

என்னை அதிகம் படுத்தியது இதுதான். முதல் தடவை சட்டியில் அரிசியும் பருப்பும் போட்டு, தளதளவென்று கொதிக்கவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தேன். கிளீனர் ஒரு வாய் வைத்துவிட்டு, "அண்ணே, கடிக்குதுண்ணே" என்றான். இன்னும் இருபது நிமிடம் வைத்தேன். அரிசி வெளியே குழைந்து உள்ளே கடித்தது, பருப்பு கல் மாதிரி கிடந்தது. கேஸ் குறைவென்று நினைத்து அடுத்த தடவை தீயைக் கூட்டினேன். தண்ணீர்தான் வற்றியது.

தீ காரணமே இல்லை. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கிட்டத்தட்ட 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் 94-லும், 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 92 அல்லது 93-லும் கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த சட்டியில் சூடு ஏறாது, ஆவிதான் போகும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டியில் பலூன் மாதிரி உப்புவதும் இதனால்தான்.

ஆகவே குக்கர் கட்டாயம். மூன்று லிட்டர் அலுமினியக் குக்கர் இரண்டு பேருக்குத் தாராளம். ஆனால் குக்கருக்குள்ளும் கீழே இருக்கும் சூடு மலையில் வராது. கீழே 120 டிகிரி என்றால் ஊட்டியில் 116 மாதிரிதான். விசில் ஒன்றுதான், உள்ளே சூடு குறைவு. அதனால் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

அரிசியும் பருப்பும் சாதத்துக்கு என் கணக்கு இது. அரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளர். இரண்டையும் கழுவி அரை மணி நேரமாவது ஊறவையுங்கள். மூட்டை ஏறும்போது ஊறட்டும். மலையில் ஊறவைக்காமல் போட்டால் பருப்பு சொன்னபடி கேட்காது. கடலை எண்ணெயில் கடுகு, சீரகம், நசுக்கிய மிளகு, பூண்டு, இரண்டு காய்ந்த மிளகாய், ஒரு கை சின்ன வெங்காயம், தக்காளி, மஞ்சள்தூள், சாம்பார் பொடி ஒரு ஸ்பூன். வதங்கியதும் மூன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு. கொதித்ததும் ஊறியதைப் போட்டு மூடுங்கள். கீழே நான் மூன்று விசில் விடுவேன், ஊட்டியில் ஐந்து. அப்புறம் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம். இறக்கிய குக்கரைப் பழைய கம்பளியில் சுற்றி கால் மணி நேரம் வைத்துவிடுங்கள். குளிரில் குக்கர் சட்டென்று ஆறி, பாதி வேக்காட்டில் நின்றுவிடும்.

கேரட் போடலாம். மூட்டையில் கை வைக்காதீர்கள், அது ஒரு விவசாயியின் எடைக் கணக்கு. மெஷின் பக்கத்தில் உடைந்த கேரட் ஒதுக்கியிருப்பார்கள், கேட்டால் தருவார்கள்.

அடுப்பு எங்கே

ஐந்து கிலோ சிலிண்டரும் ஒற்றை பர்னரும் போதும். அடுப்பை எப்போதும் வண்டிக்கு வெளியே, காற்று மறைவாகத் தரையில்தான் வைப்பேன். கேபினுக்குள் ஒரு நாளும் பற்றவைக்காதீர்கள். ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்திருக்கும்போது, கண்ணாடியை ஏற்றிவிட்டு அடுப்பில் குளிர்காயலாம் என்று தோன்றும். மூடிய கேபினில் அடுப்பும் கரியும் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமில்லை, வாசமில்லை. தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும், எழுந்திருக்க முடியாது. குளிருக்கு இரண்டு கம்பளி வாங்குங்கள், தம்பிகளே.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் கேபின் தரையில் தேங்கும். சிலிண்டரை நிமிர்த்தி, வெளிப்பெட்டியில் கட்டி, ரெகுலேட்டரைக் கழற்றி வையுங்கள்.

காட்டுப் பகுதியில் நிறுத்தி அடுப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம். குஞ்சப்பனை வழியில் பலாப்பழ சீசனில் யானை ரோட்டுக்கே வரும். ஊருக்குள் நிறுத்தினாலும் கழுவிய தண்ணீரையும் மிச்சச் சோற்றையும் பக்கத்தில் கொட்டாதீர்கள். குன்னூர், கோத்தகிரியில் கரடி சாப்பாட்டு வாசத்துக்கு வீட்டுக் கதவையே உடைக்கிறது. தண்ணீருக்கு எவர்சில்வர் கேன் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, செக்போஸ்ட்டில் வாங்கிவைத்துக்கொள்வார்கள்.

பின்சேர்க்கை 1: இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து கார் கெட்டிலை ஓட்டலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஓடும். ஆனால் ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும், இன்னொன்று அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும். கடைசியில் இரண்டும் கெடும். 24 வோல்ட் கெட்டிலே வாங்குங்கள்.

பின்சேர்க்கை 2: கெட்டில் தானாக அணையவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். 100 டிகிரிக்குப் பார்த்து அணைகிற கெட்டில் என்றால் ஊட்டியில் அணையாது, தண்ணீர் 92-லேயே நின்றுவிடுகிறது. கொதி வந்ததும் நீங்களே அணையுங்கள்.

பின்சேர்க்கை 3: மேட்டுப்பாளையத்தில் சுக்குக் காப்பியை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வந்தவருக்கு, மேலே வந்து திறந்ததும் கையில் தெறித்ததாம். கழுத்து வரை ஊற்றாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். மேலே மூடியைக் கால் சுற்று திருகி, காற்று போன பிறகு முழுதாகத் திறங்கள். ஃபிளாஸ்க்கை முதலில் வெந்நீரால் ஒரு தடவை அலசிவிட்டு ஊற்றினால் சூடு நன்றாக நிற்கும்.

பின்சேர்க்கை 4: கீழே இறங்கியதும் பழைய கணக்குக்குத் திரும்பிவிடுங்கள். மூன்று டம்ளர் தண்ணீர், மூன்று விசில். ஊட்டிக் கணக்கில் சேலத்தில் வைத்தால் கஞ்சிதான் வரும்.