பத்துக்குப் பத்து அறைக்கு ஸ்பீக்கர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, ஆறரை இன்ச் ஸ்பீக்கர் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். ரூம் பத்துக்குப் பத்துதான். டேபிள் மேலயே வச்சுக்கலாம்ல?" பதினொரு வருடங்களுக்கு முன் தண்டையார்பேட்டையில் நான் செய்த அதே காரியம். இந்த வருடம் இப்படிக் கேட்கும் நான்காவது ஆள் அவன். பிளஸ், மைனஸ் வயரை மாற்றிச் செருகுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும்.

பெரிய கடையில் கேட்டு, பெரிய வூஃபர் வாங்குவது

அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். நீளமான கூடம், தரையில் கார்பெட், கனமான திரைகள், ஸ்பீக்கருக்குப் பின்னால் நான்கடி இடைவெளி. ஆறரை அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய கூம்பு), முதுகுப் பக்கம் போர்ட் (காற்று வந்து போகும் துளை). மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத் தாழ்ந்த ஒலி) நெஞ்சில் வந்து விழுந்தது. 28,000 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன்.

வீட்டில் மேஜை சுவரை ஒட்டித்தான் இருந்தது. ஸ்பீக்கருக்குப் பின்னால் நாலு விரல் இடம்கூட இல்லை. நாற்காலி அறையின் சரிபாதியில். போட்டால் பாஸே இல்லை, அதாவது தாழ்ந்த ஒலியே இல்லை! ஆம்பில் (ஆம்ப்ளிஃபையர்) பாஸைத் திருகித் திருகி ஏற்றினேன். எதிர்ச் சுவரோரம் கட்டிலில் படுத்திருந்த அம்மா, "என்னடா, செவுரே உறுமுது" என்றார். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர், அங்கிருந்து தட்டினார்கள். ஆம்ப் சரியில்லை என்று நினைத்து 12,000 ரூபாய்க்கு வேறு வாங்கினேன். வயரையும் மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை.

ஆறு மாதம் கழித்து, ஒரே சீரான தாழ்ந்த ஒலியை ஓடவிட்டு அறைக்குள் நடந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பத்தடி என்பது 3.05 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். சுவருக்குச் சுவர் போய்த் திரும்ப 6.1 மீட்டர். வகுத்தால் கிட்டத்தட்ட 57 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 57 அதிர்வு. அந்த ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அப்படியே தேங்கி நின்றுவிடும். பாஸ் கிட்டாரின் 'ஏ' கம்பி 55 ஹெர்ட்ஸ், அதாவது அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீளம், அகலம் இரண்டும் பத்தடி என்றால் இரண்டு பக்கமும் ஒரே ஹெர்ட்ஸில் தேங்கும். கூரையும் பத்தடி உயரம் என்றால் மூன்றாவதும் சேர்ந்துகொள்ளும். இந்தத் தேக்கம் சுவரோரம் உச்சத்தில் இருக்கும், அறையின் நடுவில் அறவே இருக்காது. நான் ஏற்றிய பாஸ் எல்லாம் எனக்கு வராமல் அம்மாவின் கட்டிலுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. இதை எந்த ஆம்பும் தீர்க்காது. அந்த 12,000 ரூபாய் இன்றும் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. பெரிய பெட்டியில் வூஃபரும் ட்வீட்டரும் (உயர்ந்த ஒலியைத் தரும் சின்னக் கூம்பு) தள்ளித் தள்ளி இருக்கும். பத்தடி தூரத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்து வரும். மூன்றடியில் உட்கார்ந்தால் பாடகரின் குரல் ஒரு இடத்திலும் 'ஸ' ஓசை வேறிடத்திலும் கேட்கும்.

1970களில் பிபிசி பொறியாளர்கள் ஒலிபரப்பு வேன் போன்ற நெருக்கடியான இடங்களுக்கென்றே எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தார்கள். 5 அங்குல வூஃபர், போர்ட் இல்லாத மூடிய சின்னப் பெட்டி. ஆழமான பாஸ் குறையும் என்று தெரிந்தேதான் அப்படிச் செய்தார்கள். நம் அறைக்கும் 4 அல்லது 5 அங்குலம் போதும். மூடிய பெட்டியோ முன்பக்கப் போர்ட்டோ பாருங்கள். எதுவானாலும் சுவர் கொஞ்சம் பாஸை ஏற்றத்தான் செய்யும், ஆனால் பின் போர்ட்டுக்கு வேண்டிய இடைவெளி நம் மேஜையில் கிடைக்காது. நாற்காலியைச் சரிபாதியிலிருந்து ஓரடி முன்னால் தள்ளிப் போடுங்கள். நான் அப்படித்தான் மாற்றினேன். மறைந்திருந்த பாஸ் அன்றே வந்தது.

வாட்ஸ் பார்த்து வாங்குவது

சாதாரண சின்ன ஸ்பீக்கர் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 85 டெசிபல் சத்தம் கொடுக்கும். பத்து வாட்டில் 95. நாள் முழுக்க 85லேயே கேட்டால் காதுக்குக் கேடு. 200 வாட் எதற்கு?

மேஜை மேல் அப்படியே வைப்பது

ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். இல்லையென்றால் மேஜைப் பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒலி நேரடி ஒலியோடு கலந்து குரலைக் குழப்பும். இரண்டு செங்கல்லும் ரப்பர் மேட்டும் போதும். என்னிடம் இன்றும் அதுதான். அப்புறம், இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும் அவற்றிலிருந்து உங்கள் தலைக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும்.

சத்தம் சரிபார்க்காமல் ஒப்பிடுவது

கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஓடுவது எப்போதும் நல்லதாகத் தோன்றும். கடைக்காரரிடம் சமப்படுத்தச் சொல்லுங்கள்.

பழைய ஸ்பீக்கரில் ஃபோம் விளிம்பு

ராயபுரம், காசிமேடு பக்கம் கடற்காற்று. வூஃபரின் விளிம்பை விரலால் லேசாகத் தொடுங்கள், பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ கீழே வைத்துவிடுங்கள். ரப்பர் விளிம்பு தாங்கும். பின்பக்கம் வயர் செருகும் டெர்மினலில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சப்வூஃபர்

பாஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டி. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றால் வேண்டாம்.