வெளிநாட்டில் மேற்படிப்பா? முதலில் பெயரையும் வீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள்

முதல் வேலை யுனிவர்சிட்டி தேடுவது இல்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பிறப்புச் சான்றிதழ், கல்லூரி மார்க் ஷீட், பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அதையும் சேர்த்து ஒரு பாயில் பரப்பி வைத்து, உங்கள் பெயரும் அப்பா பெயரும் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. முனியப்பன் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ஒய் இருக்கும், இன்னொரு இடத்தில் இருக்காது, மூன்றாவதில் ஒரு பி குறையும். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான், அங்கே ஃபைலைத் திறக்கிறவருக்கு மூன்று ஆள்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் ரொம்ப நல்லது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே வைத்து எடுங்கள். ஆதாரைத் திருத்திவிடலாம், பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது பெரும்பாடு. இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போடுங்கள். அதைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சாகும். அப்புறம் ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வுப் பதிவு முதல் விண்ணப்பம் வரை எல்லாமே பாஸ்போர்ட்டில் இருப்பது போலத்தான். மீதி வித்தியாசங்களுக்கு நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்கே உரிய ஒன்று: கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். அதற்கு முன் ஓசூரிலோ ஊத்தங்கரையிலோ பிறந்தவர்களின் சான்றிதழில் தருமபுரி மாவட்டம் என்று இருக்கும், ஆதாரில் கிருஷ்ணகிரி. இது பிழை இல்லை, மாற்றுகிறேன் என்று பதறி ஓடாதீர்கள்.

அடுத்து பணம். என் தங்கைக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்ததும் அப்பா பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கல்விக் கடனுக்காக வங்கிக்குப் போனார். இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு, அதைவிடப் பெரிய சொத்து எங்களுக்கு இல்லை. மேலாளர் சிட்டாவைப் பார்த்தார், "இது விவசாய நிலங்க, வீடு இருந்தா சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான். அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். காரணம் பிறகுதான் தெரிந்தது: கடன் திரும்பி வராவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிக்கு வழி தருவது 2002-ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டம், அது விவசாய நிலத்துக்குச் செல்லாது. அதனால் 7.5 லட்சத்துக்கு மேல் கடன் கேட்டால் பொதுவாக வீடு, அப்ரூவல் வாங்கிய மனை, டெபாசிட் இவற்றைத்தான் அடமானமாகக் கேட்பார்கள். வீடு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று, பங்காளிகள் கையெழுத்து, பட்டா மாறுதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். கடைசியில் சித்தப்பா தன் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்ததால் தங்கை போனாள். பிள்ளை மூன்றாம் வருடம் படிக்கும்போதே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பணத்தைக் காட்டும் விதம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனிக்கு பிளாக்டு அக்கவுண்ட் என்கிற, மொத்தமாக எடுக்க முடியாத கணக்கில் 11,904 யூரோ, நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல், ஒரு வருடச் செலவுக்காக முன்கூட்டியே போட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக எடுக்கலாம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் பாடன்-வுர்ட்டெம்பர்க் மாநிலத்தில் நமக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. இங்கிலாந்துக்கு, சேமிப்பைக் காட்டுவதாக இருந்தால் முழுத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் கிடக்க வேண்டும். மாங்காய் விற்ற பணம் ஜூலைக் கடைசியில்தான் கைக்கு வரும் என்றால் செப்டம்பர் வகுப்புக்கு இந்த 28 நாளை இப்போதே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தேரி, வத்தல்மலை பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைகளும் ஆதிதிராவிடர் பிள்ளைகளும் கடனைப் பற்றி யோசிக்கும் முன் உதவித்தொகையைப் பாருங்கள். மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் இருக்கிறது, தமிழக அரசில் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான வெளிநாட்டு உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் தயாராக இருக்கட்டும்.

சரி, விண்ணப்பம். ஜெர்மனியையே எடுத்துக்கொண்டால், 2022 நவம்பர் முதல் நம் மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று ஜெர்மனி தரப்பில் சரிபார்த்துத் தருவது) இல்லாமல் ஸ்டூடன்ட் விசா கிடையாது, விண்ணப்பத்துக்கே அதைக் கேட்கும் இடங்களும் நிறைய. கட்டணம் 18,000 ரூபாய், கைக்கு வரப் பல வாரங்கள் ஆகும், ஆகவே அதை முதலில் போடுங்கள். அக்டோபரில் தொடங்கும் படிப்புக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 15, ஆனால் நல்ல கோர்ஸ்கள் பல மார்ச், மே மாதத்திலேயே மூடிவிடும். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாகப் போட்டால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவைக்கு 30. மதிப்பெண்ணை அவர்கள் தலைகீழாகக் கணக்கிடுவார்கள், 1 தான் உச்சம், 4 பாஸ். நம் 10-இல் நீங்கள் 7.5, பாஸ் மார்க் 5 என்றால் அங்கே 2.5. நிறைய கோர்ஸ்களில் அந்த 2.5-தான் எல்லைக்கோடு.

எஸ்ஓபி என்கிற நோக்கக் கடிதத்தை இணையத்தில் எடுத்து ஒட்டாதீர்கள், தயவுசெய்து. நீர் மேலாண்மை படிக்கப் போகிற பிள்ளை, "சிறுவயதிலிருந்தே பொறியியலில் ஆர்வம்" என்று ஏன் ஆரம்பிக்க வேண்டும்? நம் ஊர் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு. பாட்டியின் பல்லில் பழுப்புக் கோடு. அதற்காகவே ஜப்பான் கடனுதவியில் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். அந்தக் குழாய் உங்கள் தெருவுக்கு வந்த நாள். இதை எழுதுங்கள், இதை வேறு யாரும் எழுத முடியாது. பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியரிடம் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், ஜிமெயிலை ஏற்காத பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஏஜென்ட்டிடம் போவது உங்கள் விருப்பம், ஆனால் பலருக்கு கமிஷன் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது, அவர் காட்டும் பட்டியல் அப்படித்தான் இருக்கும். ஒரிஜினல் சான்றிதழை மட்டும் எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஐஇஎல்டிஎஸ் எழுத நமக்குப் பெங்களூர்தான் பக்கம், ஆனால் அன்று விடிகாலை பஸ் பிடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள், சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டினால் தேர்வு போய்விடும், முந்தின நாளே போய்த் தங்குங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், ஆதார் செல்லாது. ஜெர்மன் விசாவுக்கோ பெங்களூர் பக்கம் என்பது உதவாது, தமிழ்நாட்டு முகவரிக்குச் சென்னைதான். ஆகவே அந்த அப்பாயின்ட்மென்ட்டுக்கும் ஒரு நாள் முன்னால் ரயிலுக்குப் பதிவு செய்துவிடுங்கள், மொரப்பூரிலேயே ஏறலாம்.