புது கேம்பிங் டிரெய்லரில் கண் எரிகிறதா?

நுழைந்ததும் மூக்கில் ஏறும் நெடியை ‘புதுசு வாசனை’ என்று விட்டுவிடாதீர்கள். அலமாரி, கட்டில், சுவர்ப் பலகைகளில் உள்ள பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற, கண்ணையும் மூக்கையும் எரிக்கும் வாயு அதில் கலந்திருக்கும். கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்த டிரெய்லர்களை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2007-08இல் சோதித்தபோது சராசரி அளவு 77 பிபிபி, அதாவது நூறு கோடிப் பங்கு காற்றில் 77 பங்கு. கோடை வெயில் வருமுன் மக்களை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னது சிடிசி.

வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் நெடியும் கூடும். அதனால் வெயிலில் பூட்டிக் கிடந்த வண்டியில் உடனே போய்ப் படுக்க வேண்டாம். கூரை மின்விசிறி காற்றை வெளியே தள்ளும்படி ஓடட்டும். விசிறிக்குத் தூரமாக, எதிர்முனை ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்து ஜன்னலைத் திறந்தால் காற்று அங்கேயே சுற்றிப் போய்விடும், படுக்கைப் பக்கம் அப்படியே தேங்கி நிற்கும். வண்டி வீட்டில் நிற்கும் நாட்களிலும் இதைச் செய்யலாம்.

காற்றுச் சுத்திகரிப்பானில் இருக்கும் ஹெப்பா வடிகட்டி தூசியைத்தான் பிடிக்கும், வாயுவை அல்ல. ஓசோன் இயந்திரம் வேண்டவே வேண்டாம், அது நுரையீரலுக்கே கெடுதல். ரூம் ஸ்பிரே? நெடியை மறைக்கும், அவ்வளவுதான். அப்புறம், அலமாரிக்குள் பலகையின் வெட்டிய ஓரங்கள் மூடாமல் இருந்தால், வாயு கசிவதைக் குறைக்க சீலர் (ஓரத்தை மூடும் பூச்சு) பூசுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் நெடி தணியும்வரை வெளியே கூடாரத்தில் படுப்பது மேல்.